கெடிலம் பாலத்து இன்ஸ்பெக்டரும் ஓர் அச்சுப்பிழையும்

பஸ் ஸ்டாண்டில் புத்தகம் விற்பவனிடம் புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் கேட்பார்கள்: விழுப்புரம் வண்டி போயிடுச்சா, சில்லறை இருக்கா, கழிப்பறை எந்தப் பக்கம். கடை போட்டு உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இந்த வேதனை புரியும். கடலூரில் பொழுது சாயும்போது திறந்து விடியும்போது மூடும் கடை என்னுடையது. தூக்கம் வராதவனுக்குத் தோதான தொழில். பள்ளியைப் பாதியில் விட்டவன் நான். விற்காத புத்தகங்களைப் படித்துப் படித்தே எழுதக் கற்றேன். அப்படி எழுதியதுதான் அந்தத் துப்பறியும் நாவல்.

பாலத்தில் நிற்பவர்

எங்கள் பக்கம் ரோந்து வரும் பெண் இன்ஸ்பெக்டர் அதிகம் பேசமாட்டார். ரோந்து முடிந்ததும் கெடிலம் பாலத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஏன் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனாலும் என் நாவலில் ஆற்றில் மிதந்து வந்த பிணத்தின் மர்மத்தைத் துலக்குபவராக அவரையே வைத்தேன், பெயரை மட்டும் மாற்றி.

பக்கத்தில் பூ விற்கும் அக்காவிடம் சொன்னபோது, கட்டிக்கொண்டிருந்த சரத்தை அப்படியே மடியில் போட்டுவிட்டார். "நீ பாட்டுக்கு எழுதிட்ட. அவுங்க ஒரு வார்த்த சொன்னா ஒன் கடையும் இருக்காது, என் கூடையும் இருக்காது, பாத்துக்க!"

சிதம்பரத்துத் திருத்தம்

போலீசில் பெண் அதிகாரியை எல்லோரும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள், மீசை நரைத்த ஏட்டு உட்பட. நாவலின் கடைசிப் பக்கத்தில், பாலத்தில் நிற்பவரிடம் ஏட்டு சொல்கிறார்: "அம்மா, மழ வருது, வாங்க." அவர், "வரேன் ஏட்டய்யா" என்கிறார். நான் எழுதியது அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிதம்பரத்து அச்சகத்திலிருந்து வந்த புத்தகக் கட்டைப் பிரித்தால், "வரேன் மகனே" என்று இருக்கிறது!

அடுத்த பஸ்ஸிலேயே சிதம்பரம் போனேன். ஏட்டுக்கு மீசை நரைத்ததை முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேனே என்று கத்தினேன். கம்ப்யூட்டரில் அச்சுக்கோத்தவர் அசையவில்லை. "அதெல்லாம் யாரு சார் படிக்கிறா, நான் டைப்புதான் அடிக்கிறேன். அம்மான்னு கூப்புட்டா புள்ளதானே? நீங்கதான் தப்பா எழுதிட்டீங்கன்னு சரி பண்ணி வுட்டேன்."

முதுநகர் பாய்

ஒவ்வொரு பிரதியாக எடுத்துப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த முதுநகர் பாய், முதல் ஆளாக வாங்கிப் போயிருந்தவர், திரும்பி வந்தார். "மன்னிச்சுக்குங்க பாய், கடைசிப் பக்கத்துல ஒரு தப்பு" என்று ஆரம்பித்தேன்.

பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "தப்பா? அந்த எடத்துலதான் மச்சான் பொஸ்தகத்த வெச்சிட்டு, போயி எங்கம்மா பக்கத்துல உக்காந்துட்டேன். அவுங்க ஏன் அங்க நிக்கிறாங்கன்னு அந்த ஒரு சொல்லுலதானே தெரியுது, புள்ளய ஆத்துக்குப் பறிகுடுத்தவங்கன்னு! அதுல கைய வச்சே, இந்தக் கடப்பக்கம் தல வெச்சும் படுக்கமாட்டேன்."

அம்மா வந்தார்

ஒருநாள் இன்ஸ்பெக்டரே வந்தார். திருத்தாத பிரதி ஒன்றை எடுத்தார், காசு கொடுத்தார், போய்விட்டார். பூக்கார அக்கா அன்றே கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடிக்குப் போனார்.

சில நாள் கழித்து இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார், தொப்பி இல்லாமல், தனியாக. கடைசிப் பக்கத்தைத் திறந்து அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்தார். "இத யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"யாரும் சொல்லலம்மா. அச்சுப்பிழை. ஏட்டய்யான்னுதான் எழுதினேன்."

அவர் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார், பாலத்தில் நிற்பாரே, அதே மாதிரி. படிக்காமலே டைப் அடித்த ஒருவரின் விரல், இந்த ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்றைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. அவர் புத்தகத்தை மூடி மார்போடு வைத்துக்கொண்டு சொன்னார்: "திரும்ப அச்சடிச்சா, இத மாத்திடாதீங்கண்ணே."

இத்தனை வருஷம் ராக்கண் முழித்துப் படித்து எழுதிய என் நாவலில் உயிருள்ள ஒரே சொல் நான் எழுதாதது. அட்டையில் மட்டும் என் பெயர் கொட்டையெழுத்தில் இருக்கிறது.