இரண்டு தடவை எண்ணிய எலக்ட்ரான்

என் அக்கா இயற்பியல் பேராசிரியை. திடப்பொருளுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவள் தொழில். உலையோ குடுவையோ கிடையாது. "என் சட்டி பானை எல்லாம் இந்தப் பெட்டிதான்" என்று கணினியைத் தட்டுவாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கட்டுரை எழுதினாள். ஓர் உலோகக் கலவையைக் கடும் அழுத்தத்தில் உருவாக்கினால் மின்சாரம் தடையே இல்லாமல் பாயும் என்றது அவள் கணக்கு. அந்தக் கட்டுரையால்தான் வேலையே கிடைத்தது. வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் (எங்கள் வீட்டில் அவருக்கு உலைக்காரர் என்று பெயர்) அதை நம்பி, இரண்டு வருடமாக அந்தக் கலவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

நான் அக்காவோடு தங்கியிருந்த சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பில் காட்டுவதற்காக, அந்தக் கணக்குக்கு எழுதிய பழைய கணினி நிரலைத் திறந்திருக்கிறாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"எலக்ட்ரானை ரெண்டு தடவை எண்ணியிருக்கேன்டி. எல்லாமே தப்பு."

வியாழக்கிழமை பதவி உயர்வுக் குழு கூடுகிறது. அதுவரை வாயைத் திறக்காதே என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். அன்று முழுவதும் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

புதன்கிழமை காலை உலைக்காரரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இந்த அழுத்தத்துல ஒண்ணும் வரலீங்க. மத்தியானம் இன்னும் ஏத்தப் போறோம். போன தடவை உலையோட மூடி விரிசல் விட்டுச்சு. ஆனா உங்க கணக்கு இருக்கே, தைரியமா ஏத்தலாம்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏத்தாதீங்க. கணக்கு தப்பு. என் தப்பு."

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"நேத்து காலையில."

பேச்சு துண்டிக்கப்பட்டது.

கட்டுரையை அவளே திரும்பப் பெற்றாள். பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போனது. மின்னஞ்சல் வரும் ஒலியை அணைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். இப்போதெல்லாம் அவள் நிரலைப் பார்க்காத ஒருவர் அதே கணக்கைத் தனியாகப் போட்டு, இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் எதையும் வெளியே விடுகிறாள்.

போன மாதம் உலைக்காரர் ஒரு வரி எழுதியிருந்தார்: புதுக் கலவை ஒன்றுக்குக் கணக்குப் போட்டுத் தர முடியுமா?

"சரின்னு சொல்லேன்க்கா."

"பயமா இருக்குடி."

நான்கு நாள் பதிலே எழுதவில்லை. ஐந்தாம் நாள் எழுதினாள்: செய்கிறேன், ஆனால் ஆறு மாதம் ஆகும், அதுவரை உலையைத் தொட வேண்டாம்.