அவன் உயர்த்தியது எந்தக் கை

2023 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து நாற்பது. காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறல், ஆனாலும் புழுக்கம். என் பேத்தி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "தாத்தா, நீங்க இதைப் பார்க்கல, ஆடிட் பண்றீங்க" என்றாள்.

நான் எட்டு வயதில் தமிழில் படித்த முப்பத்திரண்டு பக்கப் படக்கதையை இப்போது எட்டுப் பகுதித் தொடராக எடுத்திருக்கிறார்கள். கையை உயர்த்தினால் ஓடுகிற எந்த இயந்திரமும் நின்றுவிடும், அதுதான் வீரனின் சக்தி. புத்தகத்தில் அவன் லேத் பட்டறைத் தொழிலாளி, தொடரில் வக்கீல். புத்தகத்தில் இரண்டாம் பக்கத்திலேயே ரயிலை நிறுத்துகிறான். தொடரில் ஒரு மின்விசிறியை நிறுத்த அவனுக்கு மூன்று பகுதிகள் வேண்டியிருந்தன. புத்தகத்தில் அவன் அழுவதே இல்லை. தொடரில் நாலாம் பகுதிக்குள் ஏழு முறை அழுதுவிட்டான்.

பேத்தி கச்சிபௌலியில் வேலை செய்கிறாள், அங்கேயே அறை. ஞாயிறுதோறும் சனத்நகரில் என் வீட்டுக்கு வந்து என்னோடு ஒரு பகுதி பார்ப்பாள். நான் வேறுபாடுகளை ஒரு தாளில் எண்ணி வந்தேன். முப்பத்தொன்பது வரை பொறுத்துக்கொண்டாள்.

"வலது கையைத் தூக்கறான் பார். அவன் நொட்டாங்கைக்காரன்" என்றேன். அது நாற்பதாவது. அப்போதுதான் தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

"எந்தக் கையா இருந்தா என்ன? மெஷின் நின்னுச்சா இல்லையா?"

"அதெப்படி? கை மாறினா ஆளே மாறின மாதிரி."

"நக்கோ தாத்தா, வேண்டாம். மிச்சத்தை நான் ரூம்லயே பார்த்துக்கறேன்." தூறலிலேயே கிளம்பிவிட்டாள்.

அவளுக்கு நான் சொல்லாத ஒன்று உண்டு. லாலாகுடாவில் நான் படித்த பள்ளியில் வாத்தியார் என் இடது கையை ஸ்கேலால் அடித்துத்தான் வலது கையால் எழுத வைத்தார். அந்தப் புத்தகத்தில் அவன் இடது கையால் ரயிலை நிறுத்தியதைப் பார்த்த மறுநாள் பென்சிலைக் கை மாற்றினேன். பதினொரு நாள் அடி விழுந்தது. பன்னிரண்டாம் நாள் வாத்தியாருக்கு அலுத்துவிட்டது. அந்தக் கையால்தான் முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலை வரைபடங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் வரவில்லை. போன் செய்தால் வேலை என்றாள். நான் சொன்னது சரி என்று காட்டிவிட்டால் வருவாள் என்று நினைத்து, ஒரு பழைய புத்தகக்காரரிடம் ஆங்கில மூலத்தை வரவழைத்தேன். வியாழனன்று வந்தது. இரண்டாம் பக்கத்தில் அவன் உயர்த்தியிருந்தது வலது கை.

இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சட்டைப் பை, கைக்கடிகாரம் எல்லாமே இடம் மாறியிருந்தன. தமிழில் அச்சடித்தவர்கள் படங்களை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். வசனங்களைப் புதிதாக எழுதிச் சேர்த்ததால் எழுத்து நேராக இருந்தது. மூலத்தில் வலப்பக்கம் ஓடிய வெளிநாட்டுக் கார்கள் தமிழில் நம் ஊர்போல இடப்பக்கமே ஓடின. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. டிரேசிங் தாளைப் புரட்டி வைத்து எடுத்த பிரதிகளைப் பத்தொன்பது முறை திருப்பி அனுப்பியவன் நான். இது கண்ணில் படவில்லை.

மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். சொல்லாமல் விட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அப்படி விட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் போனது போனதுதான். மூன்றாம் ஞாயிறு டாக்ஸி வைத்துக்கொண்டு கச்சிபௌலி போனேன். இரண்டு புத்தகங்களையும் அவள் கட்டிலில் விரித்து வைத்தேன். மாறி மாறிப் பார்த்தாள்.

"ஹவ் தாத்தா, ஆமா, மாறித்தான் இருக்கு. இதைச் சொல்லவா இந்த டிராஃபிக்ல வந்தீங்க? ஒரு போட்டோ அனுப்பியிருக்கலாமே."

"போட்டோல இடம் வலம் மாறிடுச்சும்பே."

சிரித்தாள். பிறகு ஸ்கேல் அடியைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு என் இடது கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாவது எபிசோட் இன்னும் பார்க்கல" என்றாள். "வாயைத் திறக்கக் கூடாது."

ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஒருமுறைதான் திறந்தேன். முடிந்ததும் அவளே வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டாள், அதனால் திரும்பும் செலவு இல்லை. புத்தகம் 1,650, தபால் 80, போகும்போது டாக்ஸி 438. ஆக மொத்தம் ரூபாய் 2,168.