நிருபர் கொடுத்த ரோஸ் சேலை

மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து பேசினால், பேசிய பொருளை மினிட் புத்தகத்தில் எழுத வேண்டும். அதன் நகலை அவர் மனுச் செய்து கேட்டால், கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். விதி இவ்வளவுதான். உறுப்பினர் ஆணா பெண்ணா என்று அதில் கேள்வி இல்லை. விதியை எழுதியவர் எங்கள் ஊர் டவுன் பஞ்சாயத்தைப் பார்த்திருக்க நியாயமில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்த மன்றத்தின் ஒரே பெண் உறுப்பினர். தூத்துக்குடித் துறைமுகத்தைத் தாண்டி, உப்பளங்களை ஒட்டியிருந்தது எங்கள் ஊர். அளத்தில் வேலை செய்த பெண்கள் போட்ட ஓட்டில்தான் அத்தை ஜெயித்தாள். அவர்கள் கேட்டது ஒரு குடிநீர்க் குழாய். பகலெல்லாம் உப்புத் தண்ணீரில் நிற்பவர்களுக்கு, லாரி வந்தால்தான் குடிக்கத் தண்ணீர். அந்த லாரி மன்றத் தலைவருடைய மச்சானுக்குச் சொந்தம்.

அத்தைக்குக் கணவர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஆண்கள் நடுவே தனியாகப் போய் உட்கார்ந்தால் ஊர் பேசும் என்று அப்பா என்னைத் துணைக்கு அனுப்புவார். எனக்கு எட்டு வயது. ஊர்ப் பேச்சிலிருந்து மக்கள் பிரதிநிதியைக் காக்கும் வேலையை, இரட்டைப் பின்னலோடு பின்பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அத்தை எழுந்ததுமே தலைவர் சிரித்தார்.

“என்ன தங்கச்சி, வீட்ல அடுப்பு வேல முடிஞ்சிட்டா?”

“அது முடிஞ்சிட்டு அண்ணாச்சி. இங்கன உள்ள வேலதான் முடியல” என்றாள் அத்தை.

சிரிக்க வாயைத் திறந்திருந்தவர்கள் மூடிக்கொண்டார்கள். குழாய் எங்கே வர வேண்டும், எங்கிருந்து வர வேண்டும் என்று அத்தை வரைபடத்தை விரித்துப் பேசினாள். அவள் எழுந்ததும் பேனாவை மூடிய கிளார்க், அவள் உட்கார்ந்த பிறகுதான் திறந்தார். பாவம், கை வலிக்கிறது போல என்று நினைத்தேன்.

மறுநாள் மாலைப் பத்திரிகையில் ‘மன்றத்தில் மல்லிகை மணம்’ என்று தலைப்பு. ரோஸ் சேலையும் கொண்டை நிறைய மல்லிகையுமாக வந்த பெண் உறுப்பினரின் புன்சிரிப்பில் தலைவர் சொக்கிப்போனார், சபை கலகலத்தது என்று எழுதியிருந்தார்கள். அத்தை உடுத்தியிருந்தது நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை. பூ வைப்பதை விட்டும் நாலு வருடம். நிருபர் பெரிய மனதோடு இரண்டையும் கொடுத்திருந்தார். இப்போதும் தொலைக்காட்சியில், சட்டசபையில் ஒரு பெண் என்ன பேசினாள் என்பதை விட்டுவிட்டு என்ன உடுத்தினாள் என்று சொல்லும்போது, அந்த நிருபருக்கு வாரிசுக் குறைவில்லை என்று தெரிகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவின் கடையிலிருந்து பத்திரிகையை உருவிக்கொண்டு அளத்து ரோட்டுக்கு ஓடினேன். வேலை முடிந்து பெண்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க அத்தை பேப்பர்ல வந்திருக்காவ!”

“வாசிளா, வாசி” என்று கூடிவிட்டார்கள். அவர்களில் யாருக்கும் எழுத்துத் தெரியாது. பள்ளியில் வாசிப்பதைப் போல நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை வாசித்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலைத்துப்போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

“ஏளா, கொழாயப் பத்தி என்ன போட்டிருக்கான்?” என்றாள் ஒருத்தி.

பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சினிமா விளம்பரம். “ஒண்ணும் இல்ல” என்றேன்.

“ஒங்க அத்தை கேட்டாளா இல்லியா? நீயும் போனல்லா?”

“கேட்டாவ. ஆனா முக்கியமானதத்தான பேப்பர்ல போடுவாங்க.”

“தாலி அறுத்தவ பூ வச்சுச் சிரிக்கப் போயிருக்கா. இவளுக்குப் போயி ஓட்டப் போட்டோம்” என்று இன்னொருத்தி வாளியைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

அத்தை பூ வைக்கவில்லை என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அச்சில் வந்ததை மறுக்கலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

அத்தை பத்திரிகைக்கு மறுப்பு எழுதினாள், போடவில்லை. தான் பேசியதைக் காட்ட மினிட் நகல் கேட்டு மனுக் கொடுத்தாள். பிறகு நினைவூட்டுக் கடிதம், அதற்குப் பிறகு பதிவுத் தபால். இதற்குள் அடுத்த தேர்தல் வந்தது. எதிராளி மேடையில் துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு நடந்து காட்டினான். “ஒங்களுக்குத் தண்ணி வேணுமா, ரோஸ் சேல வேணுமா?” என்று கேட்டான். அளத்துப் பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். வீடு வீடாகப் போன அத்தையிடம், “பேசினேன்னு சொல்லுதிய, எதுல இருக்கு?” என்று கேட்டார்கள். காட்ட அத்தையிடம் ஒரு தாள் இல்லை. தோற்றாள்.

முடிவு வந்த மறுநாள் காலை அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“அவளுவளுக்கு வாசிக்கத் தெரியாதுல்லா. யாரு போயி வாசிச்சாவன்னுதான் தெரியல” என்றாள், பொதுவாக.

“நான்தான் அத்தை. ஒரு எழுத்துத் தப்பில்லாம வாசிச்சேன்” என்றேன்.

அத்தையின் கை நிற்கவில்லை. பின்னல் மட்டும் ரொம்ப இறுக்கமாக விழுந்தது. வலித்தது. இன்று ஏன் இப்படி இழுத்துப் பின்னுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு அந்த நகல் வந்தது. அன்றைய கூட்டத்தின் பொருள்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசி வரியில், ‘பெண் உறுப்பினரும் கலந்துகொண்டார்.’ தபால்காரரிடமிருந்து வாங்கி, அத்தைக்குக் கேட்கட்டும் என்று வாசலில் நின்றே சத்தமாக வாசித்தேன். அன்று வெள்ளிக்கிழமை. ஓட்டு எண்ணி மூன்றாம் நாள்.