பொட்டு வைத்த போன்

வேண்டாம் கண்ணு, இப்போதே எதிர்வீட்டுக்காரியிடம் சண்டைக்குப் போகாதே. உன் வைஃபையில் பெயர் புரியாத ஏதோ ஒன்று ஏறியிருக்கிறது, அது அவள் செல்போன்தான் என்கிறாய். நானும் ஒருமுறை இப்படித்தான் குதித்தேன். கேட்டுவிட்டுப் போ.

தொண்ணூறுகளின் கடைசி. அப்போது கருமத்தம்பட்டியில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தறி. தறி ஓடினால் போனில் ஒன்றும் கேட்காது. அதற்காகவே ஒயர் இல்லாத போன் வாங்கினோம். லைன் ஒயர் வீட்டுக்குள் ஒரு பெட்டியோடு நின்றுவிடும், போனை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வேப்பமரம் வரை நடக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் எது வாங்கினாலும் ஒன்றுபோலத்தான் வாங்குவோம். சேலை, மிக்சி, கிரைண்டர் எல்லாம் அப்படித்தான். போனையும் கோயமுத்தூரில் ஒரே கடையில், ஒரே நாளில் ஆளுக்கொன்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

பிடித்தது சனியன். எங்கள் வீட்டுக்கு வரும் போனுக்கு அவள் கையில் இருப்பதும் சேர்ந்து அடிக்கும். நான் எடுத்தால் அவள் தம்பி தாராபுரத்திலிருந்து, மாட்டுக்குக் காய்ச்சல் என்பான். நான் என்ன மாட்டு டாக்டரா? இரண்டும் கைமாறிவிட்டதோ என்று, பெயர் எழுதத் தெரியாத நான் என் போனுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு வைத்தேன். அவள் கறுப்புப் பொட்டு வைத்தாள். அப்புறமும் அதே கூத்து.

அப்போது என் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். கோபிசெட்டிபாளையத்தில் நல்ல இடம். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்க்க வரும் நாளைப் போனில் சொல்கிறோம் என்றார்கள். மூன்று நாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தேன். வியாழக்கிழமை அடித்தது. அழுத்திக் காதில் வைத்தால், அக்கா குரல்! "சரிங்க, கட்டாயம் வாங்க" என்கிறாள். அதோடு கொர்ரென்று இரைச்சல். அவளுக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். எனக்கு வேறென்ன தோன்றும்?

கொஞ்ச நேரத்தில் அக்காவே சிரித்துக்கொண்டு வந்தாள். வாயைத் திறக்க விட்டேனா?

"ஏனுங்க்கா, எம்புள்ளைக்கு வர்ற எடத்தப் போன்லயே மடக்கிப்போட்டீங்களா? உங்க புள்ளைக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?"

"அம்மணி, நாஞ் சொல்றதக் கேளு..."

"ஒண்ணுங் கேக்க வேண்டாமுங்க. ஊட்டுக்குப் போங்க!"

தறி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தலையில் எண்ணெய் வடிய, நூல் ஒட்டிய பழைய சேலையோடு நிற்கிறேன். வாசலில் கார். மாப்பிள்ளையின் அம்மா இறங்கி வந்து, "போன்ல சொன்னமுங்களே, நீங்கதானுங்களே கட்டாயம் வாங்கன்னு சொன்னீங்க?" என்றார். தான் பக்கத்து வீடு என்று அக்கா போனில் சொன்னது இரைச்சலில் அவர் காதில் விழவில்லையாம். அன்றைக்கு அக்கா சிரித்துக்கொண்டு வந்தது இதைச் சொல்லத்தான்.

அப்போது பின்கதவு திறந்தது. அக்காவின் ஒரு கையில் கேசரிப் போசி, மறுகையில் பஜ்ஜி மாவு. என்னைப் பார்க்கவே இல்லை. என் பெண்ணிடம், "கண்ணு, வெரசா மூஞ்சியக் கழுவிப்போட்டு அந்தப் பச்சப் பட்டக் கட்டு" என்றாள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிய பிறகுதான் என் பக்கம் திரும்பி, "நீயும் போய்ச் சேலைய மாத்து. அப்பறமா வந்து என்னிய வையி" என்றாள்.

மறுநாள் கடை மெக்கானிக் வந்தார். போனின் மூடியைக் கழற்றி, கடுகு போல நாலு சுவிட்சைக் காட்டினார். அதில் எது மேலே, எது கீழே என்பதை வைத்துத்தான் பெட்டி தன் போனை அடையாளம் காணுமாம். இரண்டு வீட்டிலும் கம்பெனி வைத்தபடி ஒரே மாதிரி.

"பொட்டு உங்களுக்குத் தெரியுமுங்க, பெட்டிக்குத் தெரியுமுங்களா?" என்று சிரித்தபடி, எங்கள் போனிலும் பெட்டியிலும் ஒரு சுவிட்சைத் தள்ளிவிட்டார். அவ்வளவுதான். அந்த நாலு கடுகுக்கா நான் அத்தனை பேச்சுப் பேசினேன்!

உடனே அக்கா வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "பெட்டிக்குத்தான் ஆள் தெரியல. உனக்குமா அம்மணி தெரியல?" என்றாள்.

என் பெண் கோபிக்கு வாழப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அடடா, குழாயில் நல்ல தண்ணி வந்துவிட்டது, குடம் வைக்க வேண்டும். கண்ணு, நீ போய் முதலில் வைஃபையில் ஓடும் உன் வீட்டு டிவியை அணைத்துப் பார். அந்தப் பெயரும் சேர்ந்து போகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் எதிர்வீட்டுக்குப் போ.