சீசா மொட்டைமாடியில் மறித்த மழை

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஒக்டோபரில் இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. வாணி அக்காவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். ஜேர்மனியில் இருந்த நான்தான் அவளுக்குக் கிட்ட இருந்த ஒரே சொந்தம். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்தில் பகல் பன்னிரண்டரைக்கு இறங்கி, அக்கா குடியிருந்த சீசாப் பகுதிக்கு மூன்று கிலோமீற்றர் நடந்தேன். பஸ் ஆயிரத்தைந்நூறு லீராதான். அதையும் மிச்சம் பிடித்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், பெட்டி பதினெட்டுக் கிலோ.

கோடை முழுக்க மழையில்லை. குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். மூன்று மணிக்கு வானம் கறுத்ததும் அக்காவின் கணவர் சந்திரன் அத்தான் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனார். மழைநீர் இறங்கும் துவாரத்தைப் தான் உடுத்துப் பழசான சாரத்தால் இறுக்கி அடைத்தார். தேங்கும் தண்ணீரை வாளியால் அள்ளி இரண்டு பீப்பாய்களை நிரப்புவது திட்டம்.

"கூரை தாங்குமோ அத்தான்?"

"தோட்டத்திலை தண்ணி மறிச்சு விட்டவன் நான். எனக்குத் தெரியாதோ?"

தோட்டத்துக்குக் கீழே யாரும் படுப்பதில்லை. இங்கே வெடிப்பு விழுந்த பழைய கூரைக்கு நேர் கீழே குழந்தையின் தொட்டில். ஆனாலும் மழை கொட்டத் தொடங்கியதும் வாளியை எடுத்து அள்ளினேன். இருபது நிமிடத்தில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. "காணும், திறப்பம்" என்று துவாரப் பக்கம் திரும்பினார் அத்தான்.

அப்போதுதான் இடி விழுந்தது. அத்தான் குப்புற விழுந்தார். ஐயோ, ஆள் முடிந்தார் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, என் வாயிலும் தண்ணீர். நானும் குப்புறக் கிடந்தேன்.

எழும்பப் பயம். எழும்பாவிட்டால் கூரை பிள்ளைமேல் இறங்கும் என்ற பயம் அதைவிடப் பெரிது. பத்தடி தவழ்ந்து போய்ச் சாரத்தைப் பிடுங்கினேன். தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது.

அக்கா குழந்தையோடு படிவாசலுக்கு ஓடி வந்தாள். "இஞ்சாருங்கோ! தொட்டிலுக்கு மேலை தண்ணி சொட்டுது, நீங்கள் படுத்துக் கிடக்கிறியள்?"

"இடி எண்டு தெரியும் வாணி," என்றார் அத்தான், தலையில் வைத்த கையை எடுக்காமல். "ஊரிலை ஆமி அடிச்ச ஷெல் இல்லையெண்டும் தெரியும். உடம்பு கேக்குதில்லை."

பலெர்மோவில் மழை பிடிக்க நினைப்பவர்களுக்கு: முதல் பத்து நிமிட மழையை விட்டுவிடுங்கள், ஆபிரிக்காவிலிருந்து காற்று கொண்டுவரும் சிவப்பு மண் அதில் இருக்கும். கூரைத் துவாரத்தை ஒருபோதும் அடைக்காதீர்கள். இடி கேட்டால் படுக்காமல் உள்ளே ஓடுங்கள்.

நாங்கள் ஓடவில்லை. அடுத்த இடிக்கு அக்காவும் பிள்ளையை நெஞ்சுக்குள் பொத்திக்கொண்டு, அந்தப் படிவாசலிலேயே விழுந்து படுத்தாள்.