பூப்போட்ட பாக்கெட்

ஃப்ரிட்ஜ் வேலை முடிந்ததும் பையைச் சமையலறைத் தரையில் கவிழ்த்தார். ஸ்பேனர்கள், கட்டிங் பிளேயர், செம்புக் குழாய்த் துண்டுகள், தேய்ந்த சோப்புக்கட்டி, மூக்குக்கண்ணாடிக் கூடு. நான் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்று உறுதியான பிறகு எழுந்து நின்று, பேன்ட்டின் இரண்டு பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டார். பேன்ட் காக்கி. பாக்கெட் துணியில் மட்டும் ஊதாப் பூக்கள்.

"பாத்துட்டீங்களாக்கா?"

"பாத்துட்டேன்ப்பா."

"சும்மா சொல்லக் கூடாது. நல்லாப் பாத்துக்குங்க."

நான் நன்றாகப் பார்த்த பிறகுதான் பாக்கெட் உள்ளே போகும். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பார்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எங்கள் குடியிருப்பில் அவருக்குப் 'பாக்கெட்' என்றே பெயர். "ஃப்ரிட்ஜ் கத்துது, பாக்கெட்டுக்கு ஒரு போன் போடுங்க" என்று மாடிக்கு மாடி குரல் போகும். அவர் காதிலும் விழும். கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, அதைச் சட்டையில் தேடிக்கொண்டே இருக்கும் கை. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு அதைத் தட்டிக் கொடுத்து, "வயசாயிடுச்சு, பாவம், மூச்சு வாங்குது" என்பார். மூச்சு வாங்குவது ஃப்ரிட்ஜா அவரா என்று எனக்குச் சில நாள் சந்தேகம் வரும்.

ஒரே ஒரு தொல்லை, ஆளில்லாத அறையில் நிற்க மாட்டார். எனக்குப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்புகிற வேலை. அவர் வந்தால் கட்டுரை பாதியில் நிற்கும். போன் அடிக்கிறதே என்று நான் கூடத்துக்குப் போனால், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அவரும் பின்னாலேயே வந்து நிற்பார். "வேலையப் பாருங்களேன்" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். "நீங்க பேசிட்டு வாங்கக்கா, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றார். அதிலிருந்து சமையலறையில் ஒரு நாற்காலி போட்டுவிட்டேன். அதில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதுதான் மற்றதெல்லாம்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் நிரப்பிவிட்டு வந்திருக்கிறார். அன்று மாலை அந்த வீட்டுக்காரம்மாவின் மோதிரத்தைக் காணோம். வெளி ஆள் என்று வந்து போனது இவர் ஒருவர்தான். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்த நேரத்தில் போலீஸ்காரர்கள் வந்து கூட்டிப் போனார்கள். ஒரு வாரம் உள்ளே. அடித்தார்களா என்று நான் கேட்டதில்லை. வலது கைச் சுண்டுவிரல் அவருக்கு மடங்காது. வாரக் கடைசியில் அந்த வீட்டுப் பிள்ளை ஃப்ரீசரைக் கரண்டியால் குத்தி ஐஸ் எடுத்தபோது, ஐஸ் கட்டியோடு மோதிரமும் வந்து விழுந்தது. இவர் கிளம்பிய பிறகு அந்தம்மாவே ஃப்ரீசரைத் துடைக்கும்போது கழற்றி உள்ளே வைத்து மறந்திருக்கிறார்.

"ஐஸ் எப்படிப் பிடிச்சிருக்கு பாருங்க. நான் கேஸ் போட்டது அவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

"உன் மேல ஒண்ணும் இல்ல, போய்யா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த 'ஒண்ணும் இல்ல'வை யாரும் எழுதித் தரவில்லை. சில மாதம் கழித்து அதே அம்மா மறுபடியும் ஆள் அனுப்பினார். ஃப்ரிட்ஜ் மறுபடி நின்றுவிட்டதாம். போனீர்களா என்று கேட்டேன். "போகாம? வால்வுல லீக்குக்கா." அந்த வீட்டு வாசலில்தான் முதல்முதலாகப் பாக்கெட்டை வெளியே இழுத்தார். இன்றுவரை விட முடியவில்லை. "இழுத்து இழுத்துத் துணி நைஞ்சிடுது. அவங்க பழைய நைட்டிய வெட்டிப் புதுசு வெச்சுத் தந்துடுவாங்க." மனைவியை அவர் எப்போதும் 'அவங்க' என்றுதான் சொல்வார்.

அடுக்குமாடிகளில் எல்லாம் கேட் போட்டு, காவலாளியை நிறுத்தி, வேலைக்கு வருகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்க ஆரம்பித்தபோது அந்தப் பழைய வாரம் திரும்பி வந்தது. அட்டைக்குப் போலீஸ் சான்று வேண்டும். சான்றில் ஒரே ஒரு வரி: திருட்டு வழக்கில் கைது செய்யப்பட்டவர். விட்டார்கள் என்று எங்கும் இல்லை. அவர் வேலை பார்த்த கம்பெனி, சீருடைச் சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டது. கேட் போட்ட வீடுகள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயின. அந்த ஒரு வரி போனால் அட்டை, அட்டை வந்தால் பிழைப்பு. அவருடைய உலகமே அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.

வரியை எடுக்கப் பழைய கோப்பு வேண்டுமாம். அந்த மூலக் காகிதத்தில்தான் 'நீக்கப்பட்டது' என்று எழுத முடியுமாம். இதற்கிடையில் ஸ்டேஷனை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். புது ஸ்டேஷனில் கேட்டால் பழையதில் இருக்கும் என்பார்கள், பழையதில் கேட்டால் எல்லாம் புதுசுக்குப் போயாச்சே என்பார்கள். கடைசியில் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்கள். அங்கே மழைத் தண்ணீர் குடித்து ஒட்டிப்போன கட்டுகள் கூரை வரை கிடந்தன. "தொட்டா நனைஞ்ச ரொட்டி மாதிரிப் பிஞ்சு வருதுக்கா" என்றார். அதன் பிறகும் மனு, மனுவுக்கு மேல் மனு. பையில் ஸ்பேனரோடு வெள்ளைத் தாளும் எப்போதும் இருக்கும்.

"அழிக்கணும்னா காயிதம் இல்லையாம். காட்டணும்னா மட்டும் கம்ப்யூட்டர்ல பளிச்சுனு இருக்கு."

நடுவில் ஸ்டேஷன் ஃப்ரிட்ஜையும் ஒரு தடவை சும்மாவே சரிசெய்து கொடுத்திருக்கிறார். வேலை முடிந்ததும் அங்கேயும் பையைக் கவிழ்த்து, பாக்கெட்டை இழுத்துவிட்டு நின்றாராம். "ஒருத்தர்கூட நிமிந்து பாக்கலக்கா" என்றார்.

எங்கள் குடியிருப்புக்கும் கேட் வரப்போகிறது என்று மாடிப்படியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதை ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டு வந்தவர், "அக்கா, ஒரே ஒரு தடவை என்கூட ஸ்டேஷனுக்கு வரீங்களா? படிச்சவங்க கூட நின்னா உக்காரச் சொல்வாங்க" என்றார். போனேன். உட்காரச் சொன்னார்கள், என்னை மட்டும்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் போலீசுக்குச் சின்ன வயது. நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். திரையைப் பார்த்தவள் புருவத்தைத் தூக்கினாள்.

"என்ன ஐயா, ஒண்ணா ரெண்டா? வருஷா வருஷம் உங்க பேர் வந்திருக்கே?"

அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மேலே அந்தக் கைது. அதன் கீழே வரிசையாக இறங்கியிருந்தவை அவர் கொடுத்த மனுக்கள். ஒவ்வொரு மனுவையும் வாங்கிப் பதிந்தவர்கள், அதே வழக்கு எண்ணுக்குக் கீழே, அவர் பெயரிலேயே, இன்னொரு வரியாக ஏற்றியிருக்கிறார்கள். இனிமேல் சான்று கேட்டால் அத்தனை வரியும் சேர்ந்து வரும். வாங்கிப் பார்க்கிறவனுக்கு இவர் ஊரறிந்த கேடி. பெயரைத் துடைக்க என்று இந்த மனிதர் கால் தேய நடந்த நடையெல்லாம் அந்தப் பெயர் மேலேயே அப்பிக்கொண்டு நிற்கிறது.

"மனுவே போடாம இருந்திருந்தா ஒரு வரியோட போயிருக்கும்" என்று அவள் வருத்தத்தோடுதான் சொன்னாள்.

"இப்ப நான் என்ன பண்ணணும்மா?"

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் தலை நிமிரவில்லை.

"ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றாள்.

அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், யாரைக் கேட்பது? அவர் பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினார். கொஞ்ச நேரம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, கசங்காமல் பார்த்து மறுபடி பைக்குள் வைத்தார். நிறுத்தத்தில் பஸ் வரும்போதுதான் சொன்னார். "அவங்ககிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா."

எங்கள் குடியிருப்பு வாசலுக்குக் கேட் வந்தது. நேற்று என் ஃப்ரிட்ஜ் மறுபடி நின்றுவிட்டது. அட்டை இல்லாத வேலைக்காரர் உள்ளே வரக் கூடாது, விருந்தாளி வரலாம். நான் கீழே இறங்கிப் போய், அவருடைய பையை என் தோளில் மாட்டிக்கொண்டு, "என் தம்பி, ஊர்ல இருந்து வந்திருக்கான்" என்று காவலாளியிடம் சொன்னேன். அவன் என் தோளில் தொங்கிய பையையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இந்த ஒரு தடவை போங்கம்மா" என்றான். பையை யார் தொட்டாலும் பதறுகிறவர், படி ஏறும்போது அதைத் திருப்பிக் கேட்கக்கூட இல்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஃப்ரிட்ஜில் காதை வைத்துக் கேட்டார், தட்டிக் கொடுக்கவில்லை. வேலை முடிந்து பையைக் கவிழ்த்தார். எழுந்து நின்றார். இரண்டு கைகளும் பழக்கத்தில் இடுப்புக்குக் கீழே போய், பிடி கிடைக்காமல் வழுக்கின. பாக்கெட் இருந்த இடத்தில் கறுப்பு நூலில் நெருக்கித் தைத்த தையல்.

"மூடித் தெச்சிடுங்கன்னு அவங்ககிட்ட நான்தான் சொன்னேன்" என்றார். "எதுக்கு இனிமே?"

"நல்லதாப் போச்சுப்பா. விடுங்க. கிளம்புங்க."

கிளம்பவில்லை. விரல்கள் அந்தத் தையலையே தடவிக்கொண்டிருந்தன. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, இரண்டு கைகளையும் மெல்லத் தலைக்கு மேலே தூக்கினார். மற்ற விரல்களெல்லாம் தளர்ந்து மடங்கியிருக்க, அந்தச் சுண்டுவிரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"பாத்துக்குங்கக்கா" என்றார்.