அஜீசாவின் புத்தகத்தில் பட்ட குங்குமம்

மலாய் நாட்டுச் செலண்டார் ஊருக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டம் முடிந்து தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன நூலகம் இருக்கிறது. பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொதுமண்டபத்தோடு ஒட்டிய இரண்டு அறை, அவ்வளவுதான். மலாய்ப் புத்தகமும் ஆங்கிலப் புத்தகமும் அரசாங்கம் கொடுத்தவை. தமிழ் அலமாரி மட்டும் ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்தது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் மேசை நாற்காலி வாங்கிப் போட்டது. மளிகைக் கடை ஜமாலுதீன் தம் வேனில் புத்தகம் ஏற்றி வருவார். மாரியம்மன் கோயில் மகளிர் குழு வாரந்தோறும் தூசி தட்டி அடுக்கி வைக்கும். அந்தக் குழுவின் தலைவிதான் மீனம்மா.

தலைவி என்றால் பெரிய படிப்பெல்லாம் இல்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அதன் பிறகு ஃபேக்டரி வேலை. விடியும் முன்னே கம்பெனி பஸ் வந்து நிற்கும். அந்த பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருபவள் ஜமாலுதீனின் மனைவி அஜீசா. அஜீசாவின் பையில் சோற்று டப்பா இருக்கிறதோ இல்லையோ, புத்தகம் இருக்கும். பஸ் போகப் போக வாய்விட்டு வாசிப்பாள். மீனம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கதை சூடு பிடிக்கும் இடத்தில் அஜீசா டப்பென்று மூடிவிடுவாள். மீதி, திரும்பி வரும்போது. அன்று முழுக்க மீனம்மாவுக்கு வேலையில் கை இருக்கும், மனம் இருக்காது. நூலகத்தில் தமிழுக்கு ஓர் அலமாரி கேட்போம் என்று முதலில் சொன்னதும் அஜீசாதான். இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டார்கள்.

பிறகு அஜீசாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆண்டவன் அழைத்துக்கொண்டான். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த வாரம் ஜமாலுதீன் வேனில் ஒரு பெட்டியோடு நூலகத்துக்கு வந்தார். எல்லாம் அஜீசாவின் புத்தகங்கள். கடையில் சாமான் மடிக்கும் பழுப்புத் தாளில் ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டு, பெயரைத் தன் கையாலே எழுதி வைத்திருந்தாள். "வீட்டுல இருந்தா எனக்குப் பாக்க முடியலம்மா. நீ பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தப் புத்தகங்கள் இருக்கும் அலமாரித் தட்டை மீனம்மா வேறு யாரையும் துடைக்க விட்டதில்லை.

சரஸ்வதி பூசை வந்தது. மகளிர் குழு தமிழ் அலமாரிப் புத்தகங்களைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் முன்னால் அடுக்கியது. இரண்டு நாளுக்குக் கொண்டுபோகிறோம் என்று நூலக அதிகாரி நூருல் ஐனிடம் கேட்டபோது, அந்த மலாய்ப் பெண் சிரித்துத் தலையாட்டிவிட்டாள். அஜீசாவின் புத்தகம் மட்டும் ஏன் விட்டுப்போக வேண்டும், அவளும் நம்மோடு இருக்கட்டும் என்று மீனம்மா நினைத்தாள். அந்தப் பழுப்பு அட்டைகளுக்கு அவளே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணில் பட்டதெல்லாம் அஜீசாவின் கையெழுத்துதான். எழுதியிருந்தது என்ன என்று மனதில் ஏறவில்லை. பூசை முடிந்ததும் படம் எடுத்து நூலக வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். ஜமாலுதீனும் அந்தக் குழுவில் இருக்கிறார். எதை அனுப்பினாலும் கட்டைவிரல் படம் போடுகிறவர் அன்றைக்கு ஒன்றும் போடவில்லை.

விஜயதசமி பூசை கழிந்து புத்தகங்களைத் திருப்பி அடுக்கும்போது மகளிர் குழுவில் இருக்கிற ஷாந்தினி ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது நபியோட வாழ்க்கைக் கதைலா."

மீனம்மா வாங்கிப் பார்த்தாள். அஜீசா எழுதிய பெயருக்கு நடுவே குங்குமம் எண்ணெயோடு ஊறிச் சிவந்து கிடந்தது. துடைத்தால் எழுத்தும் சேர்ந்து போகும். சாமி முன்னால் வைக்கக் கூடாத ஒன்றை, அஜீசா உயிராய் வைத்திருந்ததைத் தன் கையாலேயே வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தாளை மாற்றிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் ஷாந்தினி.

"அம்மன் பாத்துக்கிட்டுதானே இருந்தா," என்றாள் மீனம்மா. புத்தகத்தைச் சுத்தமான துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

கடையில் ஜமாலுதீனோடு அவருடைய அண்ணன் அஹமதுவும் இருந்தார். படம் அவர் கைக்கும் போயிருந்தது. மீனம்மாவைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டியோடு எல்லாவற்றையும் மத்ரசாவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், வேனை எடு என்று தம்பியிடம் சொன்னார். அந்தத் தட்டு காலியானால் அஜீசா இரண்டாவது தடவை போன மாதிரிதான்.

அவள் துண்டை விரித்துப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். ஆசையில் செய்தது, அறியாமல் செய்தது என்று சொல்ல வந்தாள். அதை விட்டுவிட்டு ஜமாலுதீனைப் பார்த்துச் சொன்னாள்:

"நான்தான் வெச்சேன் அண்ணே. பிள்ளைங்க யாரும் வெக்கல."

ஜமாலுதீன் புத்தகத்தைக் கையில் எடுத்து அந்த அட்டையைப் பார்த்தார்.

"மனசு வலிக்கலன்னு சொன்னா பொய்யா போயிடும் மீனம்மா. படத்தப் பாத்துட்டு ராத்திரி சோறு எறங்கல."

அவர் பதனமாக அந்தப் பழுப்புத் தாளைப் பிரித்தார். குங்குமம் உள்ளே இறங்கவில்லை. புத்தகம் சுத்தமாக இருந்தது. தாளை எழுத்துப் பக்கம் உள்ளே வரும்படி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேசைக்கு அடியிலிருந்து பழுப்புத் தாள் கிழித்துப் புது அட்டை போட்டார். அஜீசா மடிக்கிற மாதிரி மூலை படியவில்லை. பிறகு பேனாவை மீனம்மாவிடம் நீட்டினார்.

"எழுது."

"என் எழுத்து கோணலு அண்ணே."

"அவ எழுத்து மட்டும் என்ன, கோழி கிண்டுன மாதிரிதான் இருக்கும். பஸ்ஸு ஆட்டத்துல எழுதுனேன்னு சாக்கு சொல்லுவா."

மீனம்மா சிரித்தாள், அழுதாள். நபிகள் பெயரை எழுதினாள். அஹமது அண்ணன் எழுந்து வெளியே போய் நின்றார். ஜமாலுதீன் அவர் காதில் விழும்படியே சொன்னார்:

"புத்தகம் அங்கேயே இருக்கட்டும். ஆனா எந்தச் சாமி முன்னாடியும் வெக்காத. அவ படிக்கக் கொடுத்தது."

மறு வருஷம் மகளிர் குழு தங்கள் வீட்டுப் புத்தகங்களை மட்டும் கோயிலுக்குக் கொண்டுபோனது. பூசையன்று நம் வழக்கத்தில் புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது. தமிழ் அலமாரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வராது, பூட்டிவிடலாமா என்று மீனம்மா வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். பூட்ட வேண்டாம், தாம் வந்து உட்காருவதாக ஜமாலுதீன் பதில் போட்டார். கடையை மூடிவிட்டே வந்தார். அஹமது அண்ணன் மட்டும் இன்றுவரை நூலகப் படியேறவில்லை. அவர் மனமும் ஒருநாள் ஆறும் என்று மீனம்மா வேண்டிக்கொள்கிறாள்.

பூசை முடிந்து சுண்டலோடு அவள் போனபோது ஜமாலுதீன் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் அட்டையில் பெயர் எழுதிய புத்தகத்தைப் பிரித்து வைத்து, மெல்ல வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் புத்தகத்தைத் தொடக் கூடாது. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சுண்டலைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.